நாய்களின் உறக்கமும் கனவும்

நாய்கள் கனவு காண்கின்றனவா என்ற கேள்விக்கு இன்றைய அறிவியல் தரும் விடை, பெரும்பாலும் ஆம் என்பதே. நாய் தன் கனவை வாய்விட்டுச் சொல்லாது; எனவே இது நேரில் கேட்டறிந்த விடை அன்று. உறங்கும் நாயின் மூளை மின்னலைகளும் விழியசைவும் தசைகளின் நிலையும், கனவு காணும் மனிதரிடம் பதிவானவற்றோடு ஒத்துப்போகின்றன. பூனை, எலி ஆகியவற்றில் நடந்த ஆய்வுகளும் இதற்கு வலுச் சேர்க்கின்றன.

இதன் வெளி அடையாளங்களைக் காண ஆய்வகம் தேவையில்லை. ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியான கச்சிபௌலியில், பிற்பகல் வேளையில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் தெருநாயைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் போதும். முதலில் மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கும். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து அந்தச் சீர் குலைகிறது. மீசைமயிர் நடுங்கும், உதட்டோரம் துடிக்கும், முன்கால் விரல்கள் மடங்கி விரிந்து, ஓடுவதுபோல் வெட்டி வெட்டி இழுக்கும். வால் நுனி தரையில் இரண்டு தட்டுத் தட்டும். குரைப்பு தொண்டையோடு நின்று, மூடிய வாய்க்குள் ஒரு சிறு உறுமலாகவோ முனகலாகவோ வெளிவரும். இமை முழுதும் மூடாத நாயானால், இளஞ்சிவப்பான மூன்றாம் இமை பாதிக் கண்ணை மறைத்திருக்க, அதன் அடியில் விழி உருள்வது தெரியும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டு நாய் புரண்டு படுக்கும்.

இந்த அசைவுகளைக் கனவோடு இணைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். நாய்கள் உறக்கத்தில் குரைப்பதையே அவை கனவு காண்பதற்குச் சான்றாக அரிஸ்டாட்டில் காட்டினார். நாய், பூனை, குதிரை முதலியவை கனவு காண்கின்றன என்று 1871இல் வெளியான தம் நூலில் சார்லஸ் டார்வினும் எழுதினார். அளந்து பார்க்கும் காலம் 1953இல்தான் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்கும் மனிதரின் விழிகள் சில வேளைகளில் விரைந்து அசைவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொல்வதையும் அந்த ஆண்டு வெளியிட்டனர். விரைவிழி உறக்கம் அல்லது ரெம் உறக்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. 1958இல் வில்லியம் டிமென்ட் இதே நிலை பூனையிலும் இருப்பதைக் காட்டினார்.

ரெம் உறக்கத்தில் மூளை விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இயங்கும். உடல் மட்டும் தளர்ந்து கிடக்கும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் தடுப்புச் சைகைகள் தசைகளைப் பூட்டிவைப்பதே காரணம். பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜுவே, பூனையின் மூளைத்தண்டில் இந்தப் பூட்டுக்குப் பொறுப்பான பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் ரெம் உறக்கத்திலேயே எழுந்து நின்றன. இல்லாத இரையின் மேல் பதுங்கிப் பாய்ந்தன. கண்ணெதிரே உண்மையில் இருந்ததை அவை பொருட்படுத்தவில்லை. விலங்குகளின் கனவுக்கு இவ்வளவு தெளிவான புறச்சான்று வேறு இல்லை எனலாம். நலமுள்ள நாயில் பூட்டு உறுதியாகவே இருக்கும். அதையும் மீறிக் கசிகிற சிறு துடிப்புகளே காலிலும் மீசையிலும் தெரிபவை. குட்டிகளிடம் இவை மிக அதிகம். பிறந்த முதல் வாரங்களில் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும் குட்டி, ஏதோ ஒரு காலையோ காதையோ ஓயாமல் துடிக்கவிட்டபடி இருக்கும். இளம் எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, எந்தத் தசை அசைந்தால் எந்த உணர்வு வரும் என்பதை வளரும் மூளை இத்துடிப்புகள் வழியாகக் கற்றுக்கொள்கிறது. ஆகவே துடிப்பு ஒவ்வொன்றையும் கனவுக் காட்சி என்று எண்ணிவிட முடியாது.

கனவில் என்ன வருகிறது என்பதற்கு மிக அருகே சென்ற ஆய்வு எலிகளில் நடந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் மேத்யூ வில்சனும் கென்வே லூயியும் 2001இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வட்டப்பாதையில் ஓடிய எலியின் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் நரம்பணுக்கள் எந்த வரிசையில் இயங்கினவோ, அதே வரிசை பின்னர் ரெம் உறக்கத்திலும் திரும்ப ஓடியது. பாதையில் எந்த இடத்தை எலி ‘கடக்கிறது’ என்றுகூடச் சொல்ல முடிந்தது. நாய்க்கும் அதே பகுதி உண்டு. பகலில் நடந்ததே அதன் கனவிலும் வரும் என்ற கருத்து இந்த ஒற்றுமையை நம்பியே நிற்கிறது. மோப்பத்தால் உலகை அறியும் விலங்கு என்பதால், காட்சியைக் காட்டிலும் வாசனையே அதன் கனவை நிறைக்கலாம்.

நாய்களையே நேராக ஆராய்ந்ததில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள எத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. அங்கே அறுவை ஏதும் செய்வதில்லை. தலையில் மின்முனைகளை ஒட்டி, வளர்ப்பவரின் அருகிலேயே நாயை உறங்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ‘உட்கார்’, ‘படு’ போன்ற கட்டளைகளைத் தாய்மொழியில் அறிந்திருந்த நாய்களுக்கு அவற்றின் ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்பட்டன. உறங்கி எழுந்தபின் அவை புதிய சொற்களுக்கு முன்னைவிடச் சரியாகப் பணிந்தன. கற்றபின் வந்த உறக்கத்தின் மின்னலைகளும் மாறியிருந்தன. கசப்பான அனுபவத்துக்கு ஆளான நாய்கள் சீக்கிரமாக உறங்கிவிடுவதையும் அதே குழு கண்டது.

மனிதரைப் போல ஒரே நீட்டில் உறங்குவது நாயின் இயல்பன்று. பகலும் இரவுமாகப் பல துண்டுகளில் உறங்கி, நாளில் ஏறத்தாழ பாதி நேரத்தை அது உறக்கத்திலும் அரைமயக்கத்திலும் கழிக்கிறது. மாணவனுக்குரிய ஐந்து இலக்கணங்களுள் ஒன்றாக வடமொழி மரபு ‘சுவான நித்திரை’யைச் சொன்னது, சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்ளும் இந்தத் தன்மையைப் பார்த்துத்தான். ஆனால் ரெம் உறக்கத்தில் இந்த விழிப்பு இல்லை. கழுத்துத் தசையும் தளர்ந்துவிடுவதால், தலையை நிமிர்த்தி உட்கார்ந்தபடி நாய் கோழித் தூக்கம் போடலாமே தவிர, தலையைக் கீழே சாய்க்காமல் ரெம் நிலைக்குள் போக முடியாது. அந்நிலையில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஆற்றலும் பெரிதும் மங்கிவிடுகிறது. கனவுக்கு, தாக்கப்படாத இடமும் தாங்கக்கூடிய வெப்பமும் வேண்டும்.

கச்சிபௌலியின் தெருநாய்க்கு இரண்டுமே எளிதல்ல. இது தக்காணத்தின் கருங்கல் நிலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பாறையும் கான்கிரீட்டும் இரவிலும் சூடு உமிழும். கட்டுமான இடத்து மணற்குவியலைக் காலால் பறித்து, அடியில் ஈரம் தட்டியபின் வயிற்றை அதில் பதித்து நாய் படுப்பது இதனால்தான். நிறுத்திய காரின் அடி நிழலும் காப்பும் தருகிறது. வண்டி கிளம்பும் கணத்தில் விழிக்காவிட்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. ஐடி நிறுவனங்களின் இரவு ஷிப்டுக்கு ஓடும் வண்டிகள் இரவின் அமைதியையும் கெடுக்கின்றன. அருகிலுள்ள ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் மரநிழலும் பாறையிடுக்கும் உண்டு. நாய்கள் உலவ, பக்கத்துப் பகுதியான கொண்டாப்பூரில் 2018இல் மாநகராட்சி பூங்கா அமைத்தது என்றாலும், அது உரிமையாளருடன் வரும் வளர்ப்பு நாய்களுக்கானது. இந்தியத் தெருநாய்களைத் தொடர்ந்து ஆராயும் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு, அவை நாளின் பெரும்பகுதியைச் சும்மா படுத்தே கழிப்பதை 2014இல் வெளியிட்டது. சோம்பல் என்று பலர் எண்ணும் இந்தப் படுக்கை, துண்டு துண்டாகக் கிடைக்கும் ஓய்வை ஈடுகட்டும் வழியாகவும் இருக்கக்கூடும்.

உறக்கத்தில் துடிக்கும் நாயெல்லாம் கனவு காண்பதாகக் கொள்ளக்கூடாது. கனவுத் துடிப்பு விட்டுவிட்டு வரும். பெயர் சொல்லி அழைத்தால் நாய் விழித்து உடனே தெளிந்துவிடும். வலிப்பில் உடல் விறைத்துக் கால்கள் தொடர்ந்து உதறும், வாயில் நுரை வரும், சிறுநீர் கழியலாம், அழைத்தாலும் நினைவு வராது, தெளிந்த பிறகும் நாய் சிறிது நேரம் தடுமாறும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் பிழைத்த நாய்களிடம், ஒரே தசை தாளம் போட்டாற்போல் விழிப்பிலும் உறக்கத்திலும் வெட்டிக்கொண்டே இருப்பதுண்டு. தடுப்பூசி போடாத தெருக்குட்டிகளை அதிகம் வதைக்கும் இந்நோயின் வடுவை, கனவென்று நினைத்து விட்டுவிடுவது அந்த நாய்க்குக் கிடைக்கவேண்டிய சிகிச்சையைப் பறிக்கும்.

நார்கோலெப்சி என்ற கோளாறில், விளையாடும்போதோ உணவைக் கண்டு மகிழும்போதோ நாய் தசை தளர்ந்து சரிந்து விழும். ரெம் உறக்கத்தின் பூட்டு விழித்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது. டோபர்மேன், லாப்ரடார் நாய்களில் இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 1999இல் ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மின்யோ குழுவினர் கண்டறிந்தது, மனிதரில் இந்நோய் வரும் காரணத்தை அறியவும் வழிதிறந்தது.

உறங்கும் நாயைத் தொட்டு எழுப்புவது தவறு. ரெம் உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிக்கும் நாய், எதிரே நிற்பவர் யாரென்று அறியுமுன் கடித்துவிடலாம். தெருவில் தெரியாமல் வாலை மிதிக்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். சற்று எட்ட நின்று குரல் கொடுத்தால், முதலில் காது அசையும், பிறகு மூக்கு. கண் திறந்து ஆளை அடையாளம் கண்ட பின்னரே வால் ஆடும்.