எல்லாப் பெண்களுக்கும்

1931இல் ஆசியாவிலேயே முதலில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது இலங்கைக்குத்தான் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். தந்தது யார் என்றால் விடை டொனமூர் ஆணைக்குழு. அவ்வளவுதான். அந்த ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் நின்று கேட்ட பெண்கள் அந்த விடையில் இல்லை.

1927 டிசெம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஆங்கிலம் படித்த வசதியான வீட்டுப் பெண்கள்தான், அதை மறைக்கத் தேவையில்லை. எதிர்ப்பு சும்மா இல்லை. யாழ்ப்பாணத்தில் 1913இலேயே பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன்கூட சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண் படிக்கலாம், வாக்குப் போடக்கூடாதாம்!

1928இல் சங்கத்தின் பெண்கள் சாட்சியம் சொல்லப் போனபோது ஆணைக்குழு ஒரு கேள்வி கேட்டது: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார்.

அந்தப் பதிலின் பெறுமதி விளங்க அமெரிக்காவைப் பார்க்கலாம். 1913 வாஷிங்டன் ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசையில் வரச் சொன்னார்கள். சிகாகோவில் ஆல்ஃபா வாக்குரிமைக் கழகத்தை நடத்திய ஐடா பி. வெல்ஸ் அதற்கு ஒத்துக்கொள்ளாமல், தன் மாநிலத்து வெள்ளைப் பெண்களோடேயே நடந்தார். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தும், தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பினப் பெண்கள் 1965 சட்டம் வரை காத்திருந்தார்கள்.

இங்கே பலன் சீக்கிரமே தெரிந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து கொழும்பு வடக்குத் தொகுதியில், தேர்தல் வழக்கில் கணவர் ஆசனத்தை இழக்க, 1932 இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்க சபைக்குப் போனார். சபைக்குப் போன முதல் தமிழ்ப் பெண் அவர். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பம்பலப்பிட்டியில் 1937இல் டொக்டர் மேரி ரட்ணம் மாநகர சபைக்குத் தெரிவானார்.

தோட்டத்துப் பெண்களின் கதை வேறு. 1931இலேயே அவர்களுக்கு நிரந்தர வதிவு நிபந்தனைகள் இருந்தன. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை ஆனது. அக்னஸ் யாருக்காகப் பேசினாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரை இழுபட்டது.

இந்தச் சங்கத்தை எப்படி நினைவுகூருவது? மார்ச் 8இல் படம் போட்டு மாலை போடுவது லேசு. ஆனால் வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகப் பெண்கள் பலருக்கு வாக்கு ஊரில்தான் பதிவாகியிருக்கிறது. தபால் வாக்கு அரச ஊழியர் போன்றோருக்குத்தான். லீவு கிடைத்து, பஸ் ஏறி ஹட்டனுக்கோ பதுளைக்கோ போனால்தான் அவர்களுக்கு வாக்கு.

எங்கள் வீடுகளிலும் அப்படிப்பட்ட அக்காமார் இருக்கிறார்கள். அடுத்த தேர்தலுக்கு முந்திய நாளே சம்பளம் வெட்டாமல் லீவும், போய்வர பஸ் காசும் கொடுக்கச் சொல்லி அம்மா அப்பாவிடம் இப்பவே பேசி வைப்போம்.