கல்ஃப்பிலிருந்து வந்த போனும் நம்ம ஊர் டவரும்: புதிய போன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தம் புதிய ஐபோனை எடுத்தார். சவூதியில் வேலை பார்க்கும் மகன், ஊருக்கு வந்த நண்பர் கையில் கொடுத்தனுப்பியது.

"உஸ்தாதே, இதுல சிம்மு போடுத இடத்தையே காணல. கடைக்காரன் இது வேற மாதிரி போனுன்னு சொல்லுதான். மகன்ட்ட சொன்னா மனசு ஒடைஞ்சிருவான்."

மூன்று மாதமாக அந்தப் போன் அலமாரியில் இருந்திருக்கிறது. மகன் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கு மோனே" என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய பொருள். வாப்பாவின் முகத்தை வீடியோ காலில் பார்க்கத்தான் அதை அனுப்பினான். அதுவே நடக்கவில்லை.

குளச்சல், தேங்காப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, இடலாக்குடி என்று நம் குமரி மாவட்டத்து ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத முஸ்லிம் குடும்பம் குறைவு. அங்கிருந்து போன் வருவதும், இங்கே அது சரியாக வேலை செய்யாமல் கிடப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. போன் வாங்கும்போது கேமராவையும் நிறத்தையும் பார்க்கிறோம். நம் வீட்டில் எந்தக் கம்பெனியின் ரேஞ்ச் கிடைக்கிறது, அதை இந்தப் போன் பிடிக்குமா என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். அதை முதலில் பார்க்க வேண்டும்.

சிம் போட இடமில்லாத போன்

அந்தப் பெரியவரிடம் இருந்தது ஐபோன் 17. 2025 செப்டம்பரில் வந்த இந்த வரிசை சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் இசிம் மட்டும் உள்ள மாடலாக விற்கப்படுகிறது. சிம் அட்டை செருகும் தட்டே அதில் கிடையாது. அமெரிக்காவில் 2022-ல் வந்த ஐபோன் 14 முதலே இப்படித்தான். இந்தியாவில் விற்கப்படும் ஐபோன் 17-ல் சிம் தட்டும் உண்டு, இசிம் வசதியும் உண்டு.

இசிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். கம்பெனியிடம் விண்ணப்பித்து, அவர்கள் தரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தோ, போன் அமைப்புகள் வழியாகவோ நம் எண்ணை அதில் ஏற்ற வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. விவரம் தெரிந்த இளைஞருக்கு இது சிறிய வேலை. மின்னஞ்சல் முகவரி இல்லாத, பட்டன் போனிலேயே பழகிய பெரியவருக்கு இது பெரிய மலை.

இன்னொரு சிரமமும் உண்டு. போன் கீழே விழுந்து உடைந்தால், சாதாரண சிம்மை உடனே கழற்றி வேறு போனில் போட்டுவிடலாம். இசிம்மை அப்படி மாற்ற முடியாது. பேங்க் ஓடிபி வரும் எண் அதில் இருந்தால், அது சரியாகும்வரை பணம் எடுப்பதும் அனுப்புவதும் நின்றுபோகும். எனவே கல்ஃப்பில் ஐபோன் வாங்கி அனுப்பும் சகோதரர்கள், வாங்கப்போகும் ஆளுக்கு இசிம் பழக்கமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட் என்றால் என்ன?

ஒவ்வொரு கம்பெனியும் குறிப்பிட்ட சில அலைவரிசைகளில்தான் சேவை தருகிறது. இவற்றுக்கு எண் கொடுத்துப் 'பேண்ட்' என்கிறார்கள். கம்பெனி பயன்படுத்தும் பேண்ட் நம் போனில் இல்லையென்றால், டவர் வாசலில் நின்றாலும் அந்த ரேஞ்ச் கிடைக்காது. முக்கியமானவை:

ஜியோ: 4ஜியில் பேண்ட் 3, 5, 40. 5ஜியில் என்28, என்78.
ஏர்டெல்: 4ஜியில் பேண்ட் 1, 3, 8, 40. 5ஜியில் முக்கியமாக என்78.
வி: 4ஜியில் பேண்ட் 1, 3, 8. சில வட்டங்களில் 40, 41-ம் உண்டு.
பிஎஸ்என்எல்: 4ஜியில் பேண்ட் 1, 28.

பேண்ட் எண்ணை வைத்து அலையின் அளவைச் சொல்ல முடியாது. அதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பேண்ட் 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 5 என்பது 850, பேண்ட் 8 என்பது 900. இந்தக் குறைந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரைத் தாண்டும். பேண்ட் 40 என்பது 2300, என்78 என்பது ஏறத்தாழ 3500. இவற்றில் வேகம் அதிகம், ஆனால் தூரம் குறைவு, சுவரையும் மரத்தையும் எளிதில் தாண்டாது.

நம் மாவட்டத்துக்கு இது முக்கியமான செய்தி. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையும் ரப்பர் தோட்டமும். கடற்கரை ஊர்களில் நெருக்கமான வீடுகள். வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய இரண்டு மாடி கான்கிரீட் வீட்டின் உள் அறையில் ரேஞ்ச் வருவதில்லை என்ற புகாரை எல்லா ஊரிலும் கேட்கிறோம். அங்கெல்லாம் பேண்ட் 5, 8, 28 உள்ள போன்தான் கை கொடுக்கும். வீட்டில் வைஃபை இருந்தால், 'வைஃபை காலிங்' வசதி உள்ள போனை வாங்குங்கள். உள் அறையிலும் சாதாரண அழைப்பு தடையில்லாமல் வரும்.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்களின் போன் சில நேரம் கேரள டவரைப் பிடிக்கும். இன்றைய பிளான்களில் இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் பலவீனமான சிக்னலைத் தேடிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அந்த ஊர்க்காரர்கள் பேட்டரி அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அழைப்பே போகாத போன்

2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பும் 4ஜி வழியாகவே போகிறது. இதற்கு 'வோல்டிஇ' என்று பெயர். வெளிநாட்டுச் சந்தைக்கென்று வந்த சில போன்களில் இந்தியக் கம்பெனிகளுக்கான வோல்டிஇ அமைப்பு இருக்காது. அந்தப் போனில் ஜியோ சிம் போட்டால் நெட் வரும், அழைப்பு வராது. ஏர்டெல் 2020-ல் 3ஜியை நிறுத்திவிட்டாலும் 2ஜியை வைத்திருப்பதால், பழைய பட்டன் போனிலும் அழைப்பு வரும். வீட்டுப் பெரியவரின் பழைய பட்டன் போனுக்கு ஜியோ சிம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பலனில்லை.

பிஎஸ்என்எல் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை 2025 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ 97,500 டவர்களுடன் நாட்டுக்கு அர்ப்பணித்தது. பழைய பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் அதை 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். போனில் பேண்ட் 28 இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

5ஜி என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி என்ற போன் 8,499 ரூபாய் தொடக்க விலையில் வந்தது. அந்த விலைக்கு 5ஜி என்றதும் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அது 'எஸ்ஏ' எனப்படும் தனித்த 5ஜியை மட்டுமே ஏற்கும். ஜியோவின் 5ஜி அந்த வகை. ஏர்டெல் செல்போன் 5ஜியைத் தொடங்கியதோ, 4ஜியின் துணையோடு இயங்கும் 'என்எஸ்ஏ' வகையில். எனவே அந்தப் போனில் ஏர்டெல் 5ஜி கிடைக்காது, 4ஜிதான் கிடைக்கும் என்று அப்போதே செய்தி வந்தது.

அந்தப் போனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜியோ வைத்திருப்பவருக்கு அது பொருந்தும், ஏர்டெல் 5ஜியை நம்பி வாங்கியவருக்குப் பொருந்தாது. எந்தப் போனாக இருந்தாலும் எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் 5ஜியே வரவில்லையென்றால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் அவசரம் தேவையில்லை.

எப்படிச் சரிபார்ப்பது?

முதலில், வீட்டில் எந்தக் கம்பெனி நன்றாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். டிராய் உத்தரவுப்படி எல்லாக் கம்பெனிகளும் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அதைவிட நல்லது, பக்கத்து வீட்டாரின் போனை உங்கள் உள் அறையில் வைத்துப் பார்ப்பது.

இரண்டாவது, வாங்கப்போகும் போனின் சரியான மாடல் எண்ணைக் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும், அதோடு பேண்டும் மாறும். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது, போன் 'லாக்' ஆனதா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் தவணைத் திட்டத்தில் வாங்கிய போன் அந்தக் கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கலாம். வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டும் செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது, பழைய போன் வாங்கினால் *#06# அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போனாகத் தடை செய்யப்பட்டதா, போலி எண்ணா என்பது தெரியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு அதே தளத்தில் அதைத் தடை செய்யவும் முடியும். பில்லில் ஐஎம்இஐ எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

போன் நன்றாக இருந்து கம்பெனி மட்டும் சரியில்லை என்றால், போனை மாற்ற வேண்டாம், கம்பெனியை மாற்றுங்கள். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் மாற்றக் குறியீடு வரும். எண் மாறாது. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது.

பட்ஜெட்: கையில் உள்ள பணம்தான் அளவு

போன் விலையோடு செலவு முடிவதில்லை. கவர், கண்ணாடி ஒட்டுதல், சார்ஜர், மாதாமாதம் ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் கட்டணத்தை உயர்த்தியது நினைவிருக்கும். வீட்டில் ஐந்து சிம் இருந்தால் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேச மட்டும் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு, நெட் இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பதும் விலையின் ஒரு பகுதிதான். 2024-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6 ஆண்டு என்று சொன்னார்கள். சில மலிவான போன்களுக்கு இரண்டே ஆண்டு. அப்டேட் நின்ற போனில் பேங்க் ஆப்களும் வாட்ஸ்அப்பும் ஒரு நாள் நின்றுவிடும். மூன்று ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து இரண்டு வருடம் கூடுதலாக ஓடினால் அதுதான் லாபம்.

இஎம்ஐ பற்றிப் பலர் கேட்கிறார்கள். 'வட்டியில்லா இஎம்ஐ' என்று விளம்பரம் இருந்தாலும், அதன் வட்டி வேறு கட்டணமாக நம்மிடமே வாங்கப்படுகிறது என்பதைச் சுட்டிக்காட்டி 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அத்தகைய திட்டங்களைக் கண்டித்தது. செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்கு வாங்கினால் தள்ளுபடி எவ்வளவு, தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்று காகிதத்தில் படியுங்கள். வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வழி, கையில் உள்ள ரொக்கத்துக்குள் வாங்குவது. 10,000 ரூபாய் இருந்தால் 10,000 ரூபாய் போன். அதில் குறைவு எதுவும் இல்லை.

ஒக்கி சொல்லித் தந்தது

2017 நவம்பர் 30-ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒக்கிப் புயலில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. டவர்களும் பேட்டரி, டீசல் தீர்ந்து நின்றன. கடலுக்குப் போனவர்களின் செய்தி தெரியாமல் கரையில் குடும்பங்கள் தவித்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வீட்டுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்தார்கள்.

அதனால் ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் டவர் போனாலும் இன்னொன்று இருக்கலாம். ஒரு பட்டன் போனைச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். இயர்போன் மாட்டினால் எஃப்எம் ரேடியோ கேட்கும் போனாக இருந்தால், நெட் இல்லாத நேரத்திலும் நாகர்கோவில் வானொலியில் செய்தி கிடைக்கும். வீட்டில் ஒரு போனிலாவது கழற்றக்கூடிய சிம் இருக்கட்டும்.

அந்தப் பெரியவரிடம், மகனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் சிரித்துவிட்டு, "வாப்பா, இத முதல்லயே சொல்லப்படாதா?" என்றானாம். விடுமுறையில் வந்தபோது அந்த ஐபோனைத் தானே எடுத்துக்கொண்டான். நாகர்கோவிலில் ரொக்கம் கொடுத்து வாப்பாவுக்கு ஒரு சாதாரணப் போன் வாங்கினான். வீட்டு உள் அறையில் ரேஞ்ச் எடுக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனான். இப்போது இஷா தொழுகை முடிந்ததும் வாப்பா வேகமாக வீட்டுக்கு நடக்கிறார். மகனின் வீடியோ கால் வரும் நேரம் அது.