ஜர்னி (நிகழ்பட ஆட்டம்)

ஜர்னி என்பது 2012 மார்ச் மாதம் பிளேஸ்டேசன் 3 கருவிக்காக வெளிவந்த நிகழ்பட ஆட்டமாகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தட்கேம்கம்பெனி இதை உருவாக்கியது. சாங்காயில் பிறந்த ஜெனோவா சென் இதன் இயக்குநர்.

செவ்வாடை அணிந்த உருவம் ஒன்று பாலைவனத்தில் தொடங்கி, தொலைவில் ஒளிவிடும் மலையுச்சிக்குச் செல்வதே கதை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வழியில், முன்பின் அறியாத மற்றோர் ஆட்டக்காரர் இணையம் வழியாக எதிர்ப்படலாம். இருவரும் பேசவோ எழுதவோ இயலாது. இசையொலி மட்டும் எழுப்பலாம்.

தொடக்க வடிவில் ஒருவர் மற்றவரைத் தள்ள முடிந்தது. உதவிக்கென வைத்த இவ்வசதியைச் சோதனை ஆட்டக்காரர்கள் துணைவரைக் கீழே தள்ளவே பயன்படுத்தினர். மனிதர்களைக் குறைகூறாமல் சென் விதியை மாற்றினார். மோதல் நீக்கப்பட்டது, தொட்டுக்கொண்டால் பறக்கும் ஆற்றல் பெருகும் என்றாயிற்று. அதன்பின் தள்ளியவர்களே ஒட்டி நடந்தனர்.

உருவாக்கம் மூன்றாண்டுகள் நீண்டதால் நிறுவனத்தின் பணம் கரைந்தது. ஆயினும் ஆஸ்டின் வின்டோரி அமைத்த இசை, கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் நிகழ்பட ஆட்ட இசைத்தொகுப்பாக அமைந்தது.

நோயுற்ற தந்தையுடன் இதை ஆடி, பின் அவரை இழந்த ஒரு சிறுமி நன்றி கூறி எழுதிய கடிதத்தைச் சென் மேடையில் பகிர்ந்துள்ளார். உடன் வந்தவரின் பெயர் ஆட்டம் முடிந்த பிறகே திரையில் தோன்றும். அதற்குள் அவர் நண்பராகியிருப்பார்.