ராணிக்கு வைத்த பெயர்

நாஞ்சில் நாட்டில் எங்கள் வீட்டு மாமரத்தில் காய் பறிக்க வருகிறவர், முதலில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கை, கால், கழுத்தெல்லாம் பூசிக்கொள்வார். முசுறு என்னும் எறும்புக்கு அதுதான் தடுப்பு. "லேய் மக்கா, தள்ளி நில்லு, உதிருது" என்று கிளையிலிருந்து அவர் குரல் வரும்போதுதான் நான் கிட்டே போவேன். ஒரு சித்திரையில் அப்படி விழுந்த இலைக்கூடு பிரிந்துகொண்டது. சிவந்த முசுறுகள் சிதறி ஓட, நடுவில் இறக்கையோடு ஒன்று தடுமாறியது. மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நீளம். நிறமோ மாந்தளிர் முற்றியதுபோலப் பச்சை.

"இது என்ன, அண்ணாச்சி?"

"அது வேற பூச்சிடே. வழி தெரியாம உள்ள போயிருக்கும்."

மறு வருடம் வேறொரு மரத்துக் கூட்டில் அதே அளவில் ஒன்றைப் பார்த்தேன். அது பழுப்பு. அதையும் வேறு பூச்சி என்றே வைத்துக்கொண்டேன். இரண்டும் முசுறின் ராணிகள் என்று தெரிய எனக்கு முப்பது வருடம் ஆயிற்று. ஒரே இனத்துக்குள்ளேயே ராணிகள் பளிச்சென்ற பச்சையிலிருந்து மங்கிய பழுப்பு வரை இருக்கும். மழை தொடங்கியதும் ராணி பறந்து, இணைசேர்ந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு இலையடியில் முட்டையிட உட்காருவாள். அதற்குப் பிறகு அவளைப் பார்ப்பது அபூர்வம். பல மரங்களில் நூறு கூடுகளுக்கு மேல் விரியும் குடிக்குப் பெரும்பாலும் அவள் ஒருத்திதான் தாய்.

இந்த எறும்பை மனிதர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் அறிந்ததெல்லாம் வேலைக்காரிகளைத்தான். நற்றிணையின் 180ஆம் பாட்டில் முயிறு மொய்த்த கூடு ஒன்று வருகிறது. முயிறு என்பதுதான் நம் வாயில் முசுறு ஆனது. சீனத்தில் ஜி ஹான் பெயரில் வழங்கும், கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் செடிகொடி நூலில், ஜியாவ்ஜி நாட்டார் கோரைப்பைகளில் எறும்பு விற்றது பதிவாகியிருக்கிறது. இலையும் கிளையுமாகக் கூட்டோடு வாங்கிப்போய் ஆரஞ்சு மரத்தில் கட்டுவார்கள்; இந்த எறும்பு இல்லாவிட்டால் பழமெல்லாம் பூச்சிக்குத்தான் என்கிறது அந்த நூல். பூச்சியைப் பூச்சியால் அடக்கிய வேளாண்மைக்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று இது. அதிலும் எறும்பின் நிறம் செம்மஞ்சள் என்றுதான் இருக்கிறது. பச்சை என்ற பேச்சே இல்லை.

ராணியைத் தனியாக அறிந்தவர்கள் அவளைச் சாப்பிட்டவர்கள்தான். வடகிழக்குத் தாய்லாந்துச் சந்தையில் கோடையில் 'கை மொட் தேங்', அதாவது செவ்வெறும்பு முட்டை, என்று விற்பதில் பெரிதாக வெள்ளையாக இருப்பவை முட்டையே அல்ல. ராணியாகப் போகிற புழுக்களும் கூட்டுப்புழுக்களும். இறக்கை முளைத்த ராணிக்கு அங்கே 'மே பெங்' என்று தனிப்பெயரே உண்டு. ஒடிசாவின் சிமிலிபாலில் எறும்பை அரைத்துச் செய்யும் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் சாம்பல் பூசித் தப்பிக்கப் பார்த்ததை அவர்கள் அம்மியில் வைத்தார்கள்.

இனி, புத்தகப் பெயருக்கு வருவோம். டென்மார்க்கில் பிறந்த ஃபேப்ரீசியஸ் 1775இல் வெளியிட்ட பூச்சி நூலில், இந்திய எறும்பு ஒன்றுக்கு 'ஸ்மராக்டினா' என்று பெயர் வைத்தார். மரகதம் போன்றது என்று பொருள். நம் ஊர் முசுறைக் கடிபட்டு அறிந்த யாரும் அதற்கு மரகதம் என்று பெயர் வைக்க மாட்டார்கள். அந்தப் பெயர் பொருந்துவது ராணிக்குத்தான். அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அதே நூலில் 'விரெசென்ஸ்', பச்சை பூத்தது, என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு எறும்பும் இருக்கிறது. அங்கே முசுறின் வேலைக்காரிகளுக்கே வயிறு பச்சை. 1770இல் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ், இலைகளை வளைத்துக் கூடு கட்டும் அந்தப் பச்சை எறும்புகளைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். லண்டனில் அவருடைய சேகரிப்பை ஆராய்ந்தவர்களில் ஃபேப்ரீசியஸும் ஒருவர். பின்னால் வந்த எறும்பு ஆய்வாளர்கள் இரண்டு பெயர்களையும் ஒரே இனத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

எங்கள் மாமரத்தில் ஏறியவர் சிவப்புக்கு நடுவே பச்சையைப் பார்த்து 'வேற பூச்சி' என்றார். அந்தப் பெரிய ஆய்வாளர் பச்சையையும் பச்சை பூத்ததையும் வேறு வேறு என்று எழுதிவைத்தார். ஒருவருக்கு மரம் முழுக்கத் தெரியும், ராணியைத் தெரியாது. மற்றவருக்கு ராணி கிடைத்தாள். அவள் குடியிருந்த மரம் கிடைக்கவில்லை.