புளிமூட்டை முதல் பிரஸ் மீட் வரை: தமிழ் சினிமாவும் குண்டு உடம்பும்

எனக்குச் சொந்த ஊர் திருநாவலூர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் மீனாட்சி கல்யாணம் நாடகம் போட்டார்கள். குண்டோதரன் வேஷம் யாருக்கு என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இவனுக்கு வயித்துல தலகாணி கட்ற செலவு மிச்சம்" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் பக்கத்துக் கூத்தைச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். பகாசூரன் கதையில் வண்டி நிறைய சோற்றைத் தின்று தீர்ப்பவன் பீமன். அதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கும். ஆனால் அசுரனைக் கொன்று ஊரைக் காப்பாற்றுவதும் அதே பீமன்தான். குண்டோதரனும் சிவகணங்களில் ஒருவன். அவன் தாகம் தீர்க்கத்தான் வைகை வந்தது என்கிறது திருவிளையாடல் கதை. பிள்ளையாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, சிரிப்பு அப்போதும் இருந்தது. ஆனால் பெரிய உடம்புக்காரனின் கதை அந்தச் சிரிப்போடு முடிந்துவிடவில்லை.

சினிமாவில்தான் அது முடிந்துபோனது. ஹாலிவுட் மௌனப்படக் காலத்திலேயே ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற நடிகரை "ஃபேட்டி" என்றே விளம்பரம் செய்தார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. இந்தியில் உமா தேவி என்ற பாடகி, 1947-ல் வந்த "தர்த்" படத்தில் பாடிப் புகழ் பெற்றவர். 1950-ல் "பாபுல்" படத்தில் நடிக்க வந்ததும் "டுன் டுன்" ஆனார். பின்னாளில் வடநாட்டில் குண்டான பெண்களைக் கேலி செய்யும் பட்டப்பெயராகவே அது ஆகிவிட்டது.

தமிழிலும் இதே கதைதான். என்.எஸ். கிருஷ்ணன் காலத்து நகைச்சுவை நடிகர் ஒருவரின் பெயர் புளிமூட்டை ராமசாமி. பிறகு குண்டுமணி, குண்டு கல்யாணம். ஒல்லியானவர்களையும் விட்டுவைக்கவில்லை, அதற்கு ஓமக்குச்சி நரசிம்மன் சாட்சி. டைட்டில் கார்டில் பெயர் வரும்போதே ஜோக்கும் முடிந்துவிடுகிறது. வசனம் எழுதுபவருக்கு வேலை மிச்சம். அவர் நடந்து வந்தால் ஒரு டிரம் சத்தம், உட்கார்ந்தால் நாற்காலி உடையும், அவ்வளவுதான் பாத்திரம்.

பிந்து கோஷ் நினைவிருக்கிறதா? நடனம் தெரிந்தவர். 1982-ல் "கோழி கூவுது" மூலம் நகைச்சுவை நடிகையாக அறியப்பட்டார். அதன்பின் பெரும்பாலும் அவர் உடம்பை வைத்துத்தான் வேடம் கொடுத்தார்கள். கடைசிக் காலத்தில் நோயில் மெலிந்து, உதவி கேட்கும் நிலைக்கு வந்து, 2025 மார்ச்சில் காலமானார்.

தமிழர்களுக்குப் பருமனே பிடிக்காதா என்றால் அதுவும் இல்லை. 1935-ல் "நந்தனார்" படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பார்கள். 1953-ல் அவ்வையாராக வந்தார். யாரும் எடை பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார்கள். 1990-களில் குஷ்புவின் பெயரில் இட்லியே வந்தது. ஆக, நாயகிக்கு அழகாக இருந்த அதே பூசினாற்போன்ற உடம்பு நாயகியின் தோழிக்கு ஜோக் ஆகிவிடுகிறது! 2015-ல் "இஞ்சி இடுப்பழகி" இதைப் பற்றிப் பேச முயன்றது. ஆனால் அதற்கும் குண்டான நடிகை ஒருவரைத் தேடவில்லை, அனுஷ்காவை எடை கூட்ட வைத்தார்கள்.

2025 நவம்பரில் நடந்தது இன்னும் முக்கியம். "அதர்ஸ்" படத்தில் நாயகியைத் தூக்கிய நாயகனிடம், அவர் எடை எவ்வளவு என்று ஒரு யூடியூபர் கேட்டிருந்தார். அடுத்த பிரஸ் மீட்டில் கௌரி கிஷன் அதை உருவக்கேலி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கேட்டவரோ தன் கேள்வியில் தவறே இல்லை என்று வாதாடினார். அருகில் இருந்த நாயகனும் இயக்குநரும் அப்போது வாய் திறக்கவில்லை. பிறகு நடிகர் சங்கமும் சென்னை பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தன, கேட்டவர் வருத்தம் தெரிவித்தார்.

இத்தனைக்கும் கௌரி குண்டானவரே இல்லை. ஒரு உடம்பைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர்களுக்கு அப்புறம் எந்த உடம்பும் தராசில் வைக்க வேண்டியதாகவே தெரியும்போல.

அந்த அறையில் கௌரி செய்ததை ஏழாம் வகுப்பில் நான் செய்யவில்லை. சிரித்துவிட்டு வேஷம் கட்டினேன், கைதட்டலும் கிடைத்தது. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை டிவியில் காமெடி சீன் வரும்போது ஒன்று செய்து பாருங்கள். அந்த ஆள் ஒல்லியாக இருந்தால் இந்த ஜோக்கில் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். ஏதாவது மிஞ்சினால் தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரிப்பேன். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.