மானிப்பாயில் தமிழில் மருத்துவம் பயின்றோர்

மருத்துவ மாணவர் என்றதும் கனத்த ஆங்கில நூலும் வெள்ளை மேலங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இளைஞர் சிலர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே முறையாகப் பயின்றார்கள். கவிஞர் அம்பியின் 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்னும் நூலால் இச்செய்தியை அறிந்தோர் நம்மிடையே உண்டு. அம்மாணவர்களை அதிகம் பேர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்களின் ஆசிரியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் (1822–1884). அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தவர். 1847இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தவர், அடுத்த ஆண்டே மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். நோயாளிகள் வந்து போகும் மருந்துச்சாலையே அவர்களுக்கு வகுப்பறை. ஏட்டுப் பாடத்தோடு மருந்து கலக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், அறுவைக்குத் துணை நிற்கவும் கற்றார்கள்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தேறியவர்களுக்கு அரசுப் பணியும் நகர வாழ்வும் வாய்த்தன. கிராமத்து நோயாளி மருத்துவரின்றியே இருந்தார். இதைக் கண்ட கிரீன், 1860களின் நடுவில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மாணவர்கள் உடையாலும் பழக்கத்தாலும் தம் மக்களிடமிருந்து விலகுவதையும் அவர் விரும்பவில்லை. எம்மொழியில் கற்கிறாரோ அம்மொழி பேசுவோரிடையே மருத்துவர் தங்குவார் என்பது அவர் கணக்கு.

பாடநூலுக்கு எங்கே போவது? அவற்றையும் அங்கேயே ஆக்க வேண்டியிருந்தது. கிரீனின் மாணவரான டான்போர்த் போன்றோர் மொழிபெயர்ப்பில் பங்கேற்றார்கள்; கற்றவர்களே பின்வருவோருக்கு நூல் செய்து தந்தார்கள். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியவை 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. முதலில் தமிழில் வழங்கும் சொல், இல்லையேல் வடசொல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் என்ற வரிசையைக் கைக்கொண்டார்கள். உடற்கூற்றியல் அங்காதிபாதமானது, உடலியங்கியல் சுகரணமானது. இன்று இச்சொற்கள் நமக்கு அயலாகத் தோன்றலாம். ஆயினும் அன்றைய மாணவர் அவற்றை வைத்துக்கொண்டு நோயறிந்தார், மருந்து கொடுத்தார் என்பதை மறக்கலாகாது.

1873இல் கிரீன் தாயகம் திரும்பிய பின்னும் அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைச் செப்பனிட்டு வந்தார். அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேல். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள். ஆனால் 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசின் ஏற்பும் வேலையும் அம்மொழியோடு இருக்கையில், மானிப்பாய் முயற்சி அதன் ஆசிரியருக்குப் பின் நெடுநாள் நிலைக்காததில் வியப்பில்லை.

இது பழங்கதை அன்று. 2020இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலம் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர், கல்லூரியின் முதல் நாளிலேயே உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். பாடத்தை அறியுமுன் மொழியோடு போராட வேண்டும். கற்று முடித்தபின், ஆங்கிலத்தில் அறிந்த நோயைத் தன் ஊர்ப் பெரியவருக்குத் தமிழில் விளக்கவும் வேண்டும். இவ்விரு சுமைகளும் மானிப்பாய் மாணவருக்கு இருந்ததில்லை.

அண்மைக் காலத்தில் தமிழ்நாடு அரசின் பாடநூல் நிறுவனமும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தை அகற்றுவது நம் நோக்கமாக வேண்டியதில்லை. உலகின் புது ஆய்வுகள் அம்மொழி வழியே வருகின்றன. முதலாண்டு மாணவரின் கையில் ஆங்கில நூலுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் நூலும் இருக்கட்டும் என்பதே நாம் வேண்டுவது. அது இயலும் என்பதற்கு மானிப்பாயே சான்று.