டீசல் கார்களில் டர்போ அழுத்தக் கோளாறு

டர்போ அழுத்தக் கோளாறு என்பது, டீசல் காரின் டர்போ சார்ஜர் இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் தேவைக்குக் குறைந்தோ மிகுந்தோ போகும் நிலை. குறைவதுதான் வழக்கம், மிகுவது அபூர்வம். குறைந்தால் வண்டி இழுக்காது. மேட்டில் கியரைக் குறைத்தாலும் திணறும், ஏக்சிலேட்டரை அழுத்தினால் கரும்புகை தள்ளும், செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். பழி உடனே டர்போவின் மேல் விழுகிறது. ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி வெளியே இருக்கும் ஒரு ஹோஸ், ஒரு வேக்குவம் டியூப் அல்லது ஒரு சென்சார். பழுது பார்ப்பவர் டர்போவைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும்.

புகைபோக்கி வழியே வீணாகும் வாயுவின் ஆற்றலைக் கொண்டு காற்றை அழுத்தும் உத்திக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். டர்போ டீசலுடன் விற்பனைக்கு வந்த முதல் பயணியர் கார் 1978இன் மெர்சிடிஸ்-பென்ஸ் 300எஸ்டி. இந்தியச் சாலைகளில் டர்போ டீசலைப் பரவலாக்கிய இன்ஜின்களில் முக்கியமானது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட். மாருதி ஸ்விஃப்ட், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று மூன்று நிறுவனக் கார்களிலும் ஓடியது இதுவே. 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போவும், 90 குதிரைத்திறன் வகையில் தகடுகளின் கோணம் மாறும் விஜிடி டர்போவும் இருந்தன.

இயக்கம்

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து இன்ஜினுக்குள் போகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டும். அந்த வேகத்தில் தண்டைத் தாங்குவது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. சாதாரண டர்போவில் வேஸ்ட்கேட் என்ற கதவு திறந்து, மிகுதி வாயுவைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும். விஜிடியில் சக்கரத்தைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் கோணம் மாறி வாயுவின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். தகடுகளை அசைப்பது ஆக்சுவேட்டர். அது வேக்குவத்தில் இயங்கலாம், மோட்டாரிலும் இயங்கலாம்.

கண்டறிதல்

முதல் வேலை ஸ்கேனர் போடுவது. பி0299 என்ற குறியீடு அழுத்தக் குறைவையும் பி0234 மிகுதியையும் காட்டும். "டர்போவை மாற்று" என்று எந்தக் குறியீடும் சொல்வதில்லை. கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் நல்ல டர்போக்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 1,010 மில்லிபார், 2,240 மீட்டர் உயரத்து உதகையில் 780க்கு அருகில். இதிலிருந்து பெரிதாக மாறுபட்டால் கோளாறு அந்தச் சென்சாரிலேயே இருக்கலாம். கரி படிந்திருந்தால் துடைத்தாலே சரியாகிவிடும். ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடலோர ஊரில் 2,200 மில்லிபார் என்றால் டர்போ சேர்த்தது சுமார் 1.2 பார்தான்.

பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியான சாலையில், மூன்றாம் கியரில், 1,500 சுற்றிலிருந்து ஏக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி, இன்ஜின் கணினியான இசியு கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைப்பதையும் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பதிவு செய்வார். எல்லா வேகத்திலும் கிடைப்பது குறைவாகவே இருந்தால் கசிவையோ வேக்குவத்தையோ சந்தேகிக்கலாம். முதலில் மந்தமாகி, பிறகு கேட்டதைத் தாண்டி எகிறினால் விஜிடி தகடுகள் கரியில் சிக்கியிருக்கக்கூடும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இழுவை செத்து, ஓரங்கட்டி ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி ஓடுகிற வண்டியும் பெரும்பாலும் இதே வகைதான்.

கசிவைக் கண்ணால் பார்த்தே பாதி பிடித்துவிடலாம். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ஹோஸின் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால், வெடித்த இடத்தில் ஆயில் கலந்த கரிய ஈரம் ஒட்டும். காற்றோடு வரும் மெல்லிய ஆயில் ஆவி அந்தப் பிளவு வழியே பீய்ச்சியடிப்பதால் வரும் கறை அது. இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது பிளவு மூடியே இருக்கும். அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். அதனால் டர்போவின் காற்று நுழைவாயை மூடி, 1 பாருக்கு மிகாமல் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. குமிழி வரும் இடத்தில் கசிவு. தளர்ந்த கிளாம்ப் என்றால் செலவு சில நூறு ரூபாய்தான்.

கசிவில் கரும்புகை வருவதற்கும் காரணம் உண்டு. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பதை ஏர் ஃபில்டர் அருகிலேயே மாஃப் சென்சார் அளந்துவிடுகிறது. அளந்த காற்றுக்கு ஏற்ற டீசல் தெளிக்கப்படும். வழியில் காற்று ஓடிப்போனால் டீசல் மட்டும் மிகுந்து கரியாகிறது. டர்போவுக்கு முன்னால் கசிந்தாலோ கதை வேறு. அங்கே புழுதி நேராக உள்ளே போய் சக்கரத்தின் ஓரங்களைத் தேய்த்துவிடும்.

வேக்குவத்தில் இயங்கும் விஜிடியில், ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சுவேட்டர் கம்பி சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளிழுக்கப்பட வேண்டும், ஆஃப் செய்தால் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் வேக்குவம் கைப்பம்பை நேரடியாக மாட்டிப் பார்க்கலாம். அப்போது கம்பி வழுக்கிக்கொண்டு வந்தால் டர்போ நிரபராதி. வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டையோ வெடித்த ரப்பர் டியூபையோ தேட வேண்டும். பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் தருவது அதே பம்ப் என்பதால், பிரேக்கும் கடினமாக இருந்தால் பம்பிலிருந்து தொடங்குவது நல்லது.

வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு மூடாமல் நின்றுபோவது, புகையின் கரியை வடிகட்டும் டிபிஎஃப் அடைத்துக்கொள்வது, அழுக்கான டீசல் ஃபில்டர் ஆகியவையும் அழுத்தத்தைக் குறைக்கும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் நினைப்பதில்லை. டீசல் குறைந்தால் வாயுவின் வெப்பம் குறைகிறது; வெப்பம் குறைந்தால் டர்போ போதிய வேகத்தில் சுற்றாது.

டர்போவே கெட்டிருந்தால்

காற்று ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் தண்டை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோ, டர்போவின் ஆயுள் முடிந்தது. இன்டர்கூலரில் மெல்லிய ஆயில் பூச்சு கவலைக்குரியது அல்ல. தேங்கி நின்றால் ஆபத்து. அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கைகியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துவது ஒரு வழி.

டர்போ செத்ததற்குக் காரணம் தேடாமல் புதிதைப் பொருத்துவது வீண். பெஜோ, சிட்ரோயன், ஃபோர்டு ஆகியவை பகிர்ந்துகொண்ட 1.6 லிட்டர் எச்டிஐ இன்ஜின் இதற்கு ஐரோப்பாவில் பெயர் போனது. அதில் இன்ஜெக்டரின் அடிச்சீல் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரிப்பிசின் உண்டாகும். டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பின் போல்ட்டில் உள்ள சிறு வலைச் சல்லடை அந்தப் பிசினால் அடைபடும். ஆயில் கிடைக்காமல் டர்போ எரியும். அடைப்பை விட்டுவிட்டுப் புதிய டர்போவை மட்டும் பொருத்தினால், அதுவும் விரைவில் அதே வழியில் போகும். எந்த இன்ஜினாக இருந்தாலும், டர்போவை மாற்றும்போது ஆயில் பைப்பைப் புதிதாக மாற்றுவதும், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதும், பொருத்தியபின் டர்போவுக்குள் சிறிது ஆயில் ஊற்றி, டீசல் போகாமல் சில நொடிகள் செல்ஃப் அடிப்பதும் கட்டாயம்.

சிக்கிய விஜிடி தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும். ஆனால் தகடுகளின் எல்லையைத் தீர்மானிக்கும் சிறு ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. இழுவை கூடும் என்று அதைத் திருகிவிடுபவர்கள் உண்டு. ஆலையில் காற்றோட்டம் அளந்து வைத்த நிலை அதோடு போய்விடும்.

புதிய டர்போவுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் கோர் பகுதியை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் இருக்கின்றன. வேலை சுத்தமாக இருந்தால் இது நல்ல சிக்கனம். சுழலும் பாகங்களை இயந்திரத்தில் வைத்து பேலன்ஸ் செய்த அறிக்கையையும், விஜிடி என்றால் காற்றோட்ட அளவையும் கேட்டு வாங்க வேண்டும். அவற்றைத் தர மறுக்கும் கடையில் டர்போவைக் கொடுக்காதீர்கள்.